நமக்கு ஒரு குளிர், குழந்தைக்கு வேறு குளிர்

மகளுக்கு ஒன்றரை வயது நிறைந்திருந்த குளிர்காலத்தில், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து எல்லோருக்கும் சலித்துப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை ஸ்ட்ரோலரில் உட்கார வைத்துக்கொண்டு ஏரிக்கரை ஓரமாக நடக்கப் போனோம். கைபேசி 3 டிகிரி என்று காட்டியது. அது அப்படியொன்றும் பெரிய குளிராகத் தோன்றவில்லை. நானும் கணவரும் வேகமாக நடந்ததில் கால் மணி நேரத்துக்குள் உடம்பு சூடேறிவிட, நான் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதி வரை இறக்கிக்கொண்டேன். மகள் சத்தமே இல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இறக்கிவிடச் சொல்லி வாரை இழுப்பவள் அன்று நாற்பது நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, குழந்தைக்கு வேடிக்கை பார்க்கும் பொறுமை வந்துவிட்டது என்று நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பூரித்துப் போனோம்.

காரில் ஏற்றுவதற்காகப் பூட்ஸைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. கூடுதல் பாதுகாப்பு என்று நான் போட்டுவிட்டிருந்த இரண்டு ஜோடி தடித்த சாக்ஸின் பின்னல் தடம் பாதம் முழுவதும் பதிந்திருந்தது. விரல்கள் வெளிறிப் போய், ஓடைக் கூழாங்கல்லைத் தொடுவது போலக் கையில் சில்லென்று பட்டன. பதறிப் போய் என் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துப் பிடித்து, அந்தப் பாதங்களில் சூடு திரும்பத் தொடங்கிய பிறகுதான் அவள் வீறிட்டு அழுதாள். குளிர்ந்து மரத்தபோது அழவில்லை. உணர்வு திரும்பியபோதுதான் வலித்திருக்கிறது. அன்று மாலை அம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "பேசாமல் வருகிறாளே என்று சந்தோஷப்பட்டீர்களாக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, "கையைத் தொட்டுப் பார்க்காதேம்மா, கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் விரலை விட்டுப் பார்" என்றார். அதன் பிறகு வந்த இரண்டு குளிர்காலங்களில் ஏறத்தாழ எல்லா வார இறுதியிலும் மகளோடு எங்காவது போய் வந்திருக்கிறோம். அவற்றில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த ஒரே பிழையைப் பல கோணங்களில் திருத்திக்கொண்டதுதான்.

நடப்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே இடத்தில் இரண்டு வெவ்வேறு தட்பவெப்பம் நிலவுகிறது. நடக்கும்போது நம் தசைகள் வெப்பத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கின்றன. வாரால் கட்டுண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த அடுப்பு அணைந்திருக்கிறது. போதாக்குறைக்கு, எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம் என்பதால் உடம்பின் சூடு வேகமாக வெளியேறுகிறது. பெரியவர்களுக்குத் தலை உடல் உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு என்றால், இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எனவே நமக்குக் குல்லா விருப்பம், அவளுக்கு அவசியம். இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய வெப்பப் படலத்தைக் காற்று ஓயாமல் பெயர்த்துக்கொண்டு போவதால், வெப்பமானி 3 டிகிரி என்று காட்டினாலும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் வெளியே தெரியும் முகம் -2 டிகிரியில் குளிர்வது போலவே குளிர்கிறது. -10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று என்றால் அது -18 டிகிரிக்குச் சமம். அந்த ஏரிக்கரை திறந்தவெளி. காற்று நேராக ஸ்ட்ரோலருக்குள் வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்த எங்களுக்கு அவளுடைய முகமே தெரியவில்லை.

இப்போது வெப்பநிலையைப் பார்ப்பதற்கு முன் காற்றின் வேகத்தைப் பார்க்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நின்று, முன்னால் போய்க் குனிந்து, அவளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிடரியில் விரலை வைக்கிறேன். அங்கே இதமான சூடு இருந்தால் போதுமானது. வியர்வை பிசுபிசுத்தால் ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். சில்லென்று இருந்தால் அத்தோடு நடை முடிந்தது. ஓடியாடும் வயதுக் குழந்தை சட்டென்று அமைதியாகிவிட்டால் அதைச் சமத்தாக எண்ணிக்கொள்ளாமல் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஆபத்தான நிலை. சோர்வு, தூக்கக் கலக்கம், தடுமாற்றம், எதிலும் நாட்டமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் பாதி, களைத்துப் போன எந்தக் குழந்தையிடமும் தென்படுபவைதான், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். குழந்தையை எழுப்ப முடியாமல் போனாலோ, உடம்பு தளர்ந்து துவண்டாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான வழிகாட்டுதலில், ஒன்றிரண்டு வயதுக் குழந்தையை ஸ்ட்ரோலர் போன்றவற்றில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்றும், நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடம்பு அசைய விளையாட வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அது எல்லாப் பருவத்துக்கும் பொதுவான அறிவுரை என்றாலும், குளிர்காலத்தில் ஓடவிடுவதுதான் சூடேற்றும் வழியும்கூட. ஆகவே ஸ்ட்ரோலரைச் சாமான் வண்டியாகவும் தூங்கும் இடமாகவும் வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் அவளைத் தரையில் விட்டுவிடுகிறோம். தூக்கிக்கொள்ள வேண்டி வந்தால் மார்போடு அணைத்துக் கட்டும் கேரியரை எடுத்துப் போகிறோம். அதில் நம் உடம்பின் சூடு அவளுக்குக் கிடைக்கும். ஆனால் அதிலும் முழங்காலுக்குக் கீழே கால்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதையும், கால்சட்டை மேலேறிக் கெண்டைக்கால் வெளியே தெரியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கேரியரைக் கட்டிக்கொண்டு வழுக்கும் பாதையில் நடப்பது என் கணிப்பில் குளிரைவிடப் பெரிய அபாயம். அத்தகைய நாட்களில் நான் கட்டிக்கொள்வதில்லை.

உடையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரே தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை என்பது பலருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் அடுக்கு எது என்பதில்தான் நான் பல நாள் தவறு செய்தேன். மென்மையானது என்று பருத்தி பனியனைப் போட்டுவிடுவேன். அவள் அரை மணி நேரம் ஓடி வியர்த்ததும் அந்தப் பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பிறகு ஸ்ட்ரோலரில் உட்கார்ந்தால் ஈரத் துணியைப் போர்த்தியது போலாகிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால் இப்போது உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது வியர்வையை வெளியே தள்ளும் தெர்மல் துணி, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத உறை என்று வைத்துக்கொள்கிறோம். நாம் உடுத்தியிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குச் சரி. ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதுவே அதிகமாகிவிடலாம்.

அந்த இரண்டு ஜோடி சாக்ஸ் ஏன் தோற்றது என்பதும் பிறகு விளங்கியது. சூட்டைக் காப்பது துணி மட்டுமன்று, துணிக்குள் சிக்கியிருக்கும் காற்றும்தான். பூட்ஸுக்குள் இடமில்லாமல் திணித்தால் அந்தக் காற்று நசுங்கி வெளியேறிவிடுகிறது. இறுக்கத்தால் இரத்த ஓட்டமும் குறைகிறது. இப்போது ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், விரல்களை உள்ளே மடக்கி நீட்ட இடம் விடும் அளவில் பூட்ஸ். கையுறையில் விரல் விரலாகப் பிரிந்தவற்றைவிட நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் பை போன்ற வகை அதிகச் சூடு தரும். இரண்டு வயதுக் குழந்தையின் ஐந்து விரல்களையும் அதனதன் அறைக்குள் நுழைக்கும் சாதனையை ஒரு நாளைக்கு ஆறு முறை நிகழ்த்தும் தெம்பு யாருக்கும் இல்லை என்பது கூடுதல் காரணம். கழுத்தில் சுற்றும் நீளத் துணியை நாங்கள் விட்டொழித்துவிட்டோம். சறுக்குமரத்திலோ ஸ்ட்ரோலர் சக்கரத்திலோ அது சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். தலைவழியாகப் போடும் குழாய் வடிவக் கழுத்துறை போதும். ஜாக்கெட்டின் தலைமூடியில் தொங்கும் கயிறுகளையும் அதே காரணத்துக்காக உருவி எடுத்துவிட்டேன். சூடேற்றும் பொட்டலங்களைக் குழந்தையின் பூட்ஸிலோ கையுறையிலோ வைப்பதில்லை. அவை தோலைச் சுட்டுப் புண்ணாக்கக் கூடியவை, சுடுகிறது என்று சொல்ல அவளுக்கு வார்த்தை வராது.

கன்னத்திலோ மூக்கு நுனியிலோ காது மடலிலோ வெளிறிய திட்டு தெரிந்தால் தேய்க்கக் கூடாது. நம் வெறும் உள்ளங்கையை அதன் மேல் அசையாமல் வைத்துச் சூடேற்றி, உடனே உள்ளே போய்விட வேண்டும். பனி மூடிய வெளியில் வெயில் அடித்தால் சன்ஸ்கிரீன் தேவைப்படும் என்பதை முதலில் நான் நம்பவில்லை. புதிதாக விழுந்த பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பக் கூடியது. மோவாயின் அடிப்பகுதி சிவந்து வீடு திரும்பிய ஒரு நாளுக்குப் பிறகு நம்பினேன்.

பயணத்தின் மிகப் பெரிய ஆபத்து வெளியே இருக்கும் குளிரில் இல்லை, அந்தக் குளிருக்காக நாம் போட்டுவிடும் புசுபுசு ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் கட்டுவதில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. சொல்லி நம்ப வைப்பதைவிடச் செய்து பார்ப்பது எளிது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, மகளை ஜாக்கெட்டோடு உட்கார வைத்து, வாரை நன்றாக இறுக்கினோம். பிறகு வாரின் நீளத்தை மாற்றாமல் கொக்கியை மட்டும் விடுவித்து, அவளை இறக்கி, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, அதே வாரில் மறுபடியும் மாட்டினோம். தோளுக்கும் வாருக்கும் நடுவே என் கை முழுவதும் போய் வந்தது. மோதலின்போது ஜாக்கெட்டுக்குள் இருக்கும் பஞ்சு ஒரு கணத்தில் நசுங்கிவிடும். அப்போது குழந்தையைப் பிடித்திருப்பது அந்தத் தொளதொளத்த வார்தான். இப்போது மெல்லிய ஸ்வெட்டரோடு உட்கார வைத்து, காறை எலும்பு அருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பார்க்கிறோம். கிள்ளுக்குப் பட்டை அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். அதற்கு மேல் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி, கைகளை மட்டும் அதில் நுழைத்துப் போர்வை போல விடுகிறோம். வண்டி சூடானதும் அதை எடுத்துவிடலாம். கணவர் பத்து நிமிடம் முன்னதாகக் கீழே இறங்கி வண்டியைச் சூடாக்கி வைப்பது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. பனி பெய்த காலையில் புகைக்குழாய் வாயை அடைத்திருக்கும் பனியை அகற்றிய பிறகே எஞ்சினை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஸ்ட்ரோலரின் மேல் போர்வையைப் போட்டு முழுக்க மூடிவிடும் பழக்கம். காற்றுத் தடுப்பாக நினைத்துச் செய்வோம். உள்ளே காற்றோட்டம் குறைந்து வெப்பம் தேங்கும், குழந்தையின் முகமும் நம் கண்ணிலிருந்து மறையும். மழை உறையைக்கூடக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் நீக்கிவிட வேண்டும். குழந்தை தூங்குகிறது, எழுப்ப மனமில்லை என்று முழு உடுப்போடு சூடான அறையில் விட்டுவிடுவது பலர் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். ஜிப்பையாவது இறக்கி, குல்லாவைக் கழற்றிவிட வேண்டும், விழித்துக்கொண்டால் விழித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது நேரம். கோடையில் ஒரு பயணத்தைத் தொடக்கத்திலிருந்து திட்டமிடலாம். குளிர்காலத்தில் முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு வயதில் ஒரு நாளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை. மகளுக்குப் பகல் தூக்கம் ஒரு மணிக்கு. சூரியன் நாலரைக்கெல்லாம் சாயத் தொடங்கும் மாதங்களில், காலை உணவு, உடை, மூட்டை முடிச்சு என்று பத்தரைக்குக் கிளம்பினால், இரண்டு பக்கமும் பயண நேரத்தைக் கழித்த பிறகு வெளியே இருக்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். முதல் குளிர்காலத்தில் இதை ஏற்றுக்கொள்ள மனம் வராமல், "வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துவிடுவோமே" என்று இரண்டாவது இடத்தையும் சேர்த்துக்கொண்டு, ஒரு மணித் தூக்கத்தைக் கடத்தி, இருட்டத் தொடங்கியபோது திரும்பினோம். இருளும் வண்டியின் சூடும் ஆட்டமும் சேர்ந்து நாலே முக்காலுக்கு அவளைத் தூங்க வைத்தன. கார் நின்றதும் விழித்தவள் இரவு பதினொன்றரை வரை புத்துணர்ச்சியோடு கட்டைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இருவருக்கும் வேலைக்குப் போக வேண்டும்.

அதிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் இடம், ஒரு வழிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை, திரும்பும் பயணம் பகல் தூக்கத்தோடு ஒன்றுபட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பன்னிரண்டே முக்காலுக்கு வயிறு நிறைந்த குழந்தையைக் காரில் உட்கார வைத்தால், ஐந்தாவது நிமிடம் தலை சாய்ந்துவிடும். நாங்கள் இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொள்ளக் கிடைப்பதும் அந்த முக்கால் மணி நேரம்தான். வீட்டை அடைந்ததும் தூக்கம் கலைந்துவிடுமே என்று எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் வண்டியிலேயே காத்திருந்தது உண்டு. அதைவிட, வழியில் பத்து நிமிடம் சுற்றி வருவது மேல் என்பது கணவரின் கட்சி. அதில் எங்களுக்குள் இன்னும் முடிவு ஏற்படவில்லை.

போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் சில உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் சூடான கூரைக்குக் கீழே போய்விட முடியுமா, டயப்பர் மாற்ற இடம் இருக்கிறதா, அன்று அது உண்மையிலேயே திறந்திருக்குமா? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் ஒரு விலங்குப் பண்ணைக்கு ஐம்பது நிமிடம் வண்டி ஓட்டிப் போய், குளிர்கால நேரம் வேறு என்ற அறிவிப்புத் தாள் தொங்கும் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறோம். இணையத்தில் கோடைக்கால நேரமே அப்படியே கிடந்தது. மாற்று இடம் தேடக் கைபேசியை எடுத்தால் அதுவும் அணைந்திருந்தது. 30 சதவீதம் மின்னூட்டம் இருந்தும் குளிரில் மின்கலத்தின் திறன் இறங்கிவிட்டது. இப்போது கிளம்பும் காலையில் தொலைபேசியில் கேட்டுவிடுகிறோம். கைபேசி ஜாக்கெட்டின் உள்பையில் உடம்போடு ஒட்டியிருக்கும்.

எங்களுக்கு மிகவும் பலனளித்த இடம் தாவரவியல் பூங்காக்களில் இருக்கும் கண்ணாடி வீடுகள்தான். வெளியே மரங்கள் மொட்டையாக நிற்க, உள்ளே வாழை இலைகளும் பெரணிகளும் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் கணவரின் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகி, அவர் நின்ற இடத்திலேயே குருடராகிவிடுவதை மகள் ஒரு வித்தையாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கைதட்டுவாள். ஆனால் அங்கே வாசலிலேயே இரண்டு அடுக்குகளைக் கழற்றிவிட வேண்டும். வியர்த்த உடம்போடு மீண்டும் வெளியே போவதுதான் உடம்பு சில்லிட்டுப் போவதற்கு நேர்வழி. எனவே வெளியே கிளம்புமுன் உள் பனியன் ஈரமாக இருந்தால் மாற்றிவிடுகிறேன். பையில் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு மாற்று உள்ளாடை, இரண்டு ஜோடி சாக்ஸ், இன்னொரு ஜோடிக் கையுறை இருக்கும். ஒரு ஜோடிக் கையுறை எப்படியும் முதல் பதினைந்து நிமிடத்தில் நனைந்துவிடும். அருங்காட்சியகம், மீன் காட்சியகம், நூலகம், ரயில் நிலையம் எல்லாம் நல்ல மாற்றுகள். ரயில் நிலையத்தில் எங்கும் ஏறாமல், வரும் வண்டிகளுக்கெல்லாம் கையசைத்துவிட்டுத் திரும்பியதும் ஒரு பயணம்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிரில் தாகம் தெரிவதில்லை, குழந்தையும் தண்ணீர் கேட்பதில்லை. ஆகவே கேட்காமலே வெதுவெதுப்பான தண்ணீரை அவ்வப்போது நீட்ட வேண்டும். பிளாஸ்க்கில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டுச் சாப்பாட்டை நிரப்பினால் சூடு வெகுநேரம் நிற்கும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்க்கைத் திறக்கக் கூடாது. ஓடும் காரில் பின்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தின்பண்டம் கொடுத்துவிட்டு முன்னால் பார்த்து ஓட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். தொண்டையில் சிக்கினால் சத்தம் வராது. திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். முழுக் கொட்டைப் பருப்புகள் ஐந்து வயது வரை வேண்டாம்.

டயப்பர் மாற்றுவது அப்படிச் சுருக்கமாக முடியும் காரியமன்று. முழு உடம்பையும் மூடும் ஒற்றை உடுப்பின் ஜிப் மேலிருந்து ஒரே ஒரு கால் வழியாக இறங்குவதாக இருந்தால், டயப்பர் மாற்றக் குழந்தையை ஏறத்தாழ முழுவதுமாக உரிக்க வேண்டியிருக்கும். இரண்டு கால் வழியாகவும் ஜிப் இறங்குவதா என்று பார்த்து வாங்காததன் விலையை ஒரு வாகன நிறுத்துமிடத்தில், காரின் பின் இருக்கையில், கதவைத் திறக்கவும் முடியாமல் உள்ளே நிமிரவும் முடியாமல் மண்டியிட்டுக் கொடுத்தேன். உறைந்து போயிருந்த ஈரத் துடைப்பானை நான் எடுத்த எடுப்பில் வைத்தபோது அவள் போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து துடைப்பான் பொட்டலம் கிளம்பியது முதலே என் உள்பையில், கைபேசியோடு. அடுத்த குளிர்காலத்தில் டயப்பரிலிருந்து விடுபட்டாள். அது நிம்மதி என்று நினைத்திருந்தேன். மூன்று அடுக்கு உடுப்புக்குள் இருக்கும் குழந்தை "அம்மா, வருது" என்று சொல்வதற்கும் வருவதற்கும் இடையே இருப்பது அதிகம் போனால் ஒரு நிமிடம். காரின் பின்பெட்டியில் குழந்தைக்கான சின்னக் கழிப்பறைச் சட்டியும், மேல் கீழ் தனித்தனியாக இருக்கும் உடுப்பும்தான் அதற்கு விடை. கௌரவம் பார்த்தால் ஆகாது.

வெளியே போனால் சளி பிடிக்கும் என்ற வாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. ஒரு வாரம் அம்மா, மறு வாரம் மாமியார். சளியைத் தருவது வைரஸ். அது காற்றோட்டமில்லாத, கூட்டமான அறைகளில்தான் எளிதாகப் பரவுகிறது. குளிர்ந்த காற்றில் மூக்கு ஒழுகுவது, உள்ளே போகும் காற்றை ஈரமாக்கிச் சூடாக்க மூக்கு செய்யும் வேலை. மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "எல்லாம் சரிம்மா, துடைக்கிறது யார்?" என்றார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒழுகும் மூக்கைத் துடைத்துத் துடைத்து மேலுதடு புண்ணாகிவிடுவதால், கிளம்பும் முன்பே அங்கே வாஸ்லின் தடவிவிடுகிறேன். இழுப்பு உள்ள குழந்தைகளுக்குக் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுத் திணறலைத் தூண்டக் கூடும், அவர்களுக்கு மருத்துவரிடம் கேட்டே போக வேண்டும். காய்ச்சல் இருக்கும் அன்று நாங்கள் எங்கும் போவதில்லை.

சென்ற குளிர்காலத்தில் மேட்டின் மேல் இருக்கும் ஒரு பழைய கோட்டையைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். வாகன நிறுத்துமிடத்தில் இறங்கியதும் மகள் ஒரு குட்டையைக் கண்டுவிட்டாள். கணுக்கால் ஆழம்கூட இல்லாத மழைநீர். அதன் மேல் கண்ணாடித் தகடு போல ஒரு பனிப் படலம். அருகே குந்தி உட்கார்ந்து கையுறைக் கையால் தட்டினாள். பிறகு பூட்ஸின் நுனியால் அழுத்தினாள். 'கிறீச்' என்று கோடு ஒன்று குறுக்கே ஓட, அதன் அடியில் ஒரு காற்றுக் குமிழ் நழுவி நழுவி மறுகரைக்குப் போனது. அவள் அந்தக் குமிழைக் குனிந்தபடியே பின்தொடர்ந்தாள். அடுத்த ஐம்பது நிமிடத்தில் அந்த நிறுத்துமிடத்தின் ஐந்து குட்டைகளும் ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டன. உடைந்த தகடுகள் சில தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடிக்கப்பட்டன, ஒன்று நக்கப்பட்டது. கணவர் மூன்று முறை கோட்டைப் பக்கம் கைகாட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தானும் ஒரு தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். முந்தைய குளிர்காலத்து நானாக இருந்திருந்தால் அவளை ஸ்ட்ரோலரில் கட்டி மேலே தள்ளிக்கொண்டு போயிருப்பேன். அவளோ இந்தக் குளிரில் ஐம்பது நிமிடமும் குந்தி எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். பிடரி சூடாக இருந்தது. அன்று மாலையே, குளத்திலும் ஏரியிலும் உறைந்திருப்பதும் குட்டையில் உறைந்திருப்பதும் அவள் கண்ணுக்கு ஒன்றுதான் என்பது உறைத்தது. அதன் பிறகு நீர்நிலை ஓரம் நடக்கும்போது அவள் கை என் கையில்தான். அந்த ஒன்றில் பேரம் கிடையாது.

வீடு திரும்பியதும் செய்யும் வேலைகளை மறுநாளுக்கு ஒத்திப்போட்டால் அடுத்த பயணம் கெட்டுவிடும். பூட்ஸின் உள்ளட்டையை உருவி எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைக்கிறோம். ஒட்டி வைத்தால் பசை இளகிவிடுகிறது. பையைத் தரையில் கொட்டி, செலவான சாக்ஸுக்குப் பதில் சாக்ஸ், செலவான டயப்பருக்குப் பதில் டயப்பர் என்று அன்றிரவே நிரப்பிவிடுகிறேன். கோட்டைக்குப் போகாத அந்த நாளின் இரவில் கையுறைகளை உதறியபோது, இடது கையுறைக்குள்ளிருந்து நான்கு சரளைக் கற்களும் ஒரு காய்ந்த இலைக் காம்பும் விழுந்தன. கற்களைக் குப்பையில் போடப் போன என்னைத் தடுத்து, அவற்றை வாங்கிக்கொண்டு போய்த் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.